ஆறாவது தட்டு

பொன்னுரங்கம் பொறாமைக்காரன். இதை நான் ஒன்றும் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. அவனே மஞ்சக்குப்பம் டீக்கடையில் பத்துப் பேர் கேட்கச் சொல்லுவான். "எனக்கு வயிறு எரியுதுடா மச்சான்" என்பான், டாக்டரிடம் அல்சரைப் பற்றிச் சொல்கிற அதே குரலில். பக்கத்து வீட்டு போர்வெல்லில் தண்ணீர் தித்திப்பாக வந்தாலும் எரியும். எங்கள் கல்லூரி முதல்வர் வராந்தாவில் எனக்கு மட்டும் தலையாட்டிவிட்டுப் போனாலும் எரியும். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்து, கடலூரில் ஒரே தனியார் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர்கள். ஆகவே அந்த எரிச்சலில் கணிசமான பங்கு என் தலையில்தான் விழுந்திருக்கிறது.

அவன் சொந்த ஊர் புவனகிரி. அப்பா சின்னையன் அங்கே அரிசி மில்லில் மூட்டை எடை போட்டவர். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது இவன்தான். மனைவி மங்கலம் அரசுப் பள்ளி ஆசிரியை. அதுவும் எரியும். "அவளுக்கு கவர்மெண்டு, எனக்கு மேனேஜ்மெண்டு" என்பான். மங்கலம் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. எரிந்தாலும் அவன் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. எரிந்து முடித்ததும், யாரைப் பார்த்து எரிந்தானோ அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய்ப் பந்தியில் நிற்பான்.

இப்படிச் சில்லறையாக எரிந்துகொண்டிருந்தவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய பொறாமை வந்தது. அது ஒரு கதையின் மேல் வந்தது.

2005ஆம் வருடம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் அவனுக்கு ஒரு மாத இதழ் கிடைத்தது. சில இதழ்களோடு நின்றுபோன, பெயர்கூட யாருக்கும் நினைவில்லாத பத்திரிகை. அட்டை கிழிந்திருந்தது. உள்ளே 'உப்பங்கழி விருந்தாளி' என்று ஒரு கதை, ஏதோ புனைபெயரில். எழுதியது யார் என்று இன்று வரை தெரியாது.

கதை இதுதான். ஒரு தந்தி ஆபீஸ் குமாஸ்தா. உப்பங்கழியில் வானத்திலிருந்து ஏதோ விழுகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கிறது. உருவம் தெரியவில்லை, உயிர் இருப்பது மட்டும் தெரிகிறது. குமாஸ்தாவுக்குத் தெரிந்த பாஷை தட்டுகிற பாஷைதான். அங்கே நட்டிருந்த இரும்புக் கம்பத்தில் இரண்டு தட்டுகிறார். சேற்றுக்குள்ளிருந்து இரண்டு தட்டு வருகிறது. மூன்று தட்டினால் மூன்று. ஐந்து தட்டினால் ஐந்து. தினமும் வேலை முடிந்து போய் எண்களைத் தட்டுகிறார், கூட்டல் கணக்கைத் தட்டுகிறார், தன் ஊர்ப் பெயரை, பெண்டாட்டி பெயரைத் தந்திக் குறியில் தட்டுகிறார். எதைத் தட்டினாலும் அதே திரும்பி வருகிறது. மாதக் கணக்கில் இப்படியே. கடைசியில், இது வெறும் கிளிப்பிள்ளை, வேறு உலகத்திலிருந்து வந்தும் ஒன்றும் தெரியாத ஜென்மம் என்று சலித்துப்போய் நின்றுவிடுகிறார். அவர் போகாத முதல் நாளே அது புறப்பட்டுப் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

கதையில் ஊர்ப் பெயர் கிடையாது. சதுப்பில் வளரும் சுரபுன்னை மரம் வருவதால் பிச்சாவரம் பக்கம்தான் என்று பொன்னுரங்கம் அடித்துச் சொல்லுவான். அந்த இதழைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். அப்போதுதான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் ஆய்வுத் துறையில், பேராசிரியர் சேதுமாதவனிடம் பகுதி நேர ஆய்வாளனாகப் பதிந்திருந்தான். கதையை நகலெடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினான். நானும் கூடப் போனேன்.

சேதுமாதவன் சிதம்பரம் வடக்கு வீதிக்காரர். மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு நகலை மேஜை இழுப்பறையில் போட்டார்.

"ஏன்யா பொன்னுரங்கம், சங்க இலக்கியம் படிச்சவன் பறக்கும் தட்டு பின்னாடி ஓடலாமா? இதுக்கு மேற்கோள் நூல் எங்கேர்ந்து குடுப்ப? முல்லைத்திணை எடுத்துக்கோ. கெட்டியான தலைப்பு."

"ஐயா, கதை நல்லா இருக்குங்கய்யா."

"கதை நல்லா இருந்தா வீட்ல வச்சுப் படி."

முல்லைக்கு உரிப்பொருள் காத்திருத்தல். பொன்னுரங்கமும் காத்திருந்தான். தலைப்புப் பதிவாகி வருடங்கள் போயும் முன்னுரை தாண்டவில்லை. முல்லைப் பாட்டுகளை வாசிக்க உட்காருவான், கொஞ்ச நேரத்தில் அந்த இதழை எடுத்துப் பிரித்துக்கொள்வான்.

2008இல் சேதுமாதவன் அந்தக் கதையை அறிவுமதிக்கு ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்துவிட்டார். அதற்குள் 'அறிவியல் புனைகதை' என்று எங்கு பார்த்தாலும் கருத்தரங்கு நடக்க ஆரம்பித்திருந்தது. அவர் இழுப்பறையைத் துழாவியிருக்கிறார், நகல் கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அறிவுமதி மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். அப்பா லூர்துசாமி நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். படிப்பில் கெட்டி, முழு நேர ஆய்வாளர். வேற்றுலக உயிரோடு பேசுவது பற்றித் தமிழில் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று யாரோ கண்டெடுத்துக் கொடுத்ததாகத்தான் அவளுக்குத் தெரியும். அந்த யாரோ யார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

செய்தி வந்த அன்று பொன்னுரங்கம் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"என் கதடா அது."

"நீயா எழுதுன?"

"எழுதுனவன் செத்துருப்பான். கண்டுபுடிச்சவன் உசுரோட இருக்கேன்ல."

நகலில் சில வரிகள் மங்கலாக இருந்ததால் மூல இதழைப் பார்க்க அறிவுமதி ஒரு நாள் எங்கள் கல்லூரிக்கு வந்தாள். பஸ்ஸில் இருந்து இறங்கிய கையோடு நேராகத் துறைக்கு வந்து, "சார், அந்த புக்கு உங்ககிட்டதான் இருக்குன்னு ஐயா சொன்னாங்க" என்றாள். இவன் கொடுக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். கொடுத்தான். ஆனால் வெளியே எடுத்துப் போகக் கூடாது, இங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். அவள் படித்த நேரம் முழுக்க இவன் எதிரே உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவதுபோலப் பாவனை செய்தான். அவள் எந்த இடத்தில் சிரிக்கிறாள், எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். கட்டிய பெண்டாட்டியை வேறு ஒருவன் பார்த்தால்கூட இவனுக்கு அப்படி இருந்திருக்காது. மங்கலத்திடம் நான் இதைச் சொன்னபோது, "அந்த புக்க அவரு தலகாணிக்கு அடியிலதான் வச்சிருக்காரு, எனக்கே இப்ப எடம் பத்தல" என்றாள்.

அறிவுமதி மளமளவென்று எழுதினாள். ஆய்வேட்டின் ஒரு படியைப் பொன்னுரங்கம் துறை நூலகத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தான். நாலாம் இயல்தான் அதன் உயிர். விருந்தாளி திருப்பித் தட்டுவது குழந்தை பெரியவர்களைப் பார்த்துச் செய்வதுபோன்றது, போலச்செய்தல்தான் பேச்சின் முதல் படி, அந்தப் படியை அந்த உயிர் தாண்டவில்லை என்று எழுதியிருந்தாள். தொல்காப்பியத்திலிருந்தும் மொழியியலிலிருந்தும் சான்றுகளை அடுக்கியிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவன் என்னிடம் வந்தபோது முகம் பளபளவென்று இருந்தது.

"மாட்டுனா மச்சான்."

"யாரு?"

"ராத்திரி நம்ம வீட்ல புள்ளைங்களுக்குக் கத சொல்றோம். அதுங்க என்னா பண்ணும்? 'உம்' கொட்டும். உம் கொட்டுனா அதுக்குப் பேசத் தெரியாதுன்னா அர்த்தம்? கேட்டுக்கிட்டு இருக்கேன், நீ சொல்லு, நீ முடிச்சதும் நான் சொல்றேன்னு அர்த்தம். அந்த விருந்தாளி உம் கொட்டுதுடா. குமாஸ்தாதான் தன்னோடத சொல்லிக்கிட்டே இருந்தான். அத பேசவே வுடல."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். "இத அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடேன்" என்றேன்.

"சொல்லுவேன். வைவாவுல சொல்லுவேன்."

வாய்மொழித் தேர்வை எல்லாரும் வைவா என்றுதான் சொல்லுவோம். அதில் பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. ஒருவரும் கேட்காவிட்டால் சபை களை கட்டாது; யாராவது எடக்குமடக்காகக் கேட்டுவிட்டால் வம்பு. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஆய்வாளரே கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வேண்டியவர்களிடம் கொடுத்துவிடுவார். அவர்கள் அப்போதுதான் மூளையில் உதித்ததுபோல எழுந்து கேட்பார்கள். ஆய்வாளர் கொஞ்சம் யோசிப்பதுபோல யோசித்து, மனப்பாடம் செய்த பதிலைச் சொல்லுவார். எல்லாருக்கும் திருப்தி. பிறகு ஆய்வாளர் செலவில் சாப்பாடு.

2012 பிப்ரவரியில் அறிவுமதியின் வைவா நடந்தது. 'தானே' புயல் அடித்து ஓய்ந்திருந்த சமயம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியெல்லாம் சாய்ந்த மரங்களை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் பொன்னுரங்கம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான். கேள்வியை ஒத்திகை பார்க்கிறான்.

"நாலாம் இயல் போச்சுன்னா திருத்தி எழுதச் சொல்லிடுவாங்க. ஜூன்ல அவளுக்கு ஒரு காலேஜ்ல வேலைக்குச் சொல்லிருக்காங்க, இந்தப் பட்டம் இருந்தாத்தான் அது. தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"அப்புறம்?"

"என் கத அது. அது யாருக்குப் புரிஞ்சிருக்குன்னு அந்த சபைக்குத் தெரியணும்."

வாசலில் அறிவுமதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அப்பா லூர்துசாமி சந்தனம் கொடுத்தார். அவள் எங்களுக்கும் சீட்டு வைத்திருந்தாள். எனக்கு, 'இவ்வாய்வின் எதிர்காலப் பயன் யாது?' பொன்னுரங்கத்துக்கு, 'கதைத் தலைப்பின் பொருத்தம் யாது?' அவன் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வாழ்த்துகள்மா" என்றான். அந்த வாழ்த்தைக் கேட்டு எனக்கே கூசியது.

மேடையில் சேதுமாதவனும் மதுரையிலிருந்து வந்த புறத்தேர்வாளரும் உட்கார்ந்திருந்தார்கள். அறிவுமதி தெளிவாகப் பேசினாள். புறத்தேர்வாளர் பொதுவாக நாலு கேள்வி கேட்டார். பிறகு சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நான் எதிர்காலப் பயனைக் கேட்டேன். அவள் யோசித்துப் பதில் சொன்னாள். அடுத்தது பொன்னுரங்கம்.

அவன் எழுந்து கைகட்டி நின்றான். நல்ல குரல் அவனுக்கு. உம் கொட்டுவதைப் பற்றி, கதை கேட்கும் பிள்ளைகளைப் பற்றி, தட்டிக்கொண்டே இருந்த குமாஸ்தாவைப் பற்றிச் சொன்னான். கடைசியில், "திருப்பித் தட்டியது போலச்செய்தல் அன்று, உம் கொட்டுதல் என்று கொண்டால், ஆய்வாளரின் நான்காம் இயல் என்னவாகும்?" என்று கேட்டுவிட்டு உட்காராமலே நின்றான்.

சேதுமாதவன் அவனை முறைத்தார். லூர்துசாமி பின்வரிசையில் எழுந்து நின்றுவிட்டார். அறிவுமதிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. பொன்னுரங்கத்தின் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

"நாலாம் இயல் விழுந்துடுங்கய்யா" என்றாள் அவள்.

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவள் மேஜையிலிருந்த ஆய்வேட்டை எடுத்துப் பரபரவென்று புரட்டினாள்.

"ஐயா, கதையில ஒரு எடத்துல குமாஸ்தா அஞ்சு தட்டிட்டு பீடி பத்த வைக்கக் குனியிறாரு. 'ஆறு தட்டுக் கேட்டது' அப்படின்னு அச்சாகியிருக்கு. எல்லா எடத்துலயும் தட்டுனது அப்படியே திரும்பி வரும்போது இங்க மட்டும் எப்படி ஆறு வரும்னு, நான் அத அச்சுப்பிழைன்னு அடிக்குறிப்பு போட்டு, ஐந்துன்னு திருத்திட்டேன். அது பிழை இல்லைங்கய்யா. அஞ்சு உம் கொட்டுனது. ஆறாவது அது சொந்தமா சொன்னது. கதை முழுக்க அங்க நிக்கிறப்ப அவர் நிறுத்துனது அந்த பீடிக்கு மட்டுந்தான். அந்த ஒரு சந்துல அது பேசிருச்சு. அவரு நிமிந்து மறுபடியும் தட்ட ஆரம்பிச்சிட்டாரு."

புறத்தேர்வாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடிக்குறிப்பை அவரே வாங்கிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் ஒரு வைவாவில் உண்மையாகவே ஒன்று நடந்து இன்றுதான் பார்க்கிறேன் என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன், நூலாக்கும்போது நாலாம் இயலை இந்தப் பதிலை வைத்துப் புதிதாக எழுதுங்கள் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சேதுமாதவனுக்கு இப்போது முறைப்பெல்லாம் போய்விட்டது. "நம்ம பொன்னுரங்கம்தான் கேள்விய எடுத்துக் குடுத்தான், நல்ல மனசு" என்று மைக்கிலேயே சொன்னார். நாலு பேர் வந்து இவன் கையைக் குலுக்கினார்கள். லூர்துசாமி கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இவனும் கையைக் கொடுத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தான். வெட்டப் போன அரிவாளுக்கு மாலை போட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டில் இவன் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சாம்பாரைப் பிசைந்து வைத்தது அப்படியே இருந்தது. அறிவுமதி பரிமாறுகிறவர்களோடு வந்தவள் எங்கள் எதிரே நின்றாள்.

"சார், என்னக் கவுக்கத்தான கேட்டீங்க?"

குரலில் கோபம் இல்லை. பொன்னுரங்கத்துக்குப் பொய் வராது. "ஆமாம்" என்றான். "நாலாவது இயல் செத்துரணும்னுதான் கேட்டேன்."

"செத்துருச்சு சார். நீங்க எந்திரிச்சப்பவே எனக்குக் கை காலு ஓடல. சீட்டு வாங்குனவங்கள்ல ஒருத்தரும் கதையப் படிச்சதில்ல. ஐயாவே பாதியோட வுட்டுட்டாரு. அந்தக் கூட்டத்துல நீங்க ஒருத்தருதான் படிச்சிருக்கீங்க."

நானும் சீட்டு வாங்கியவன்தான். அப்பளத்தை உடைத்தேன்.

பொன்னுரங்கம் சொன்னான், "ஏழு வருசமா வச்சிருக்கேன். மனப்பாடமாத் தெரியும். அந்த ஆறு என் கண்ணுல படவே இல்ல. நின்ன எடத்துல உனக்குப் படுது. எனக்கு வயிறு எரியுதும்மா."

"எனக்கு எரியாதா சார்?" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "அந்த ஆறப் பாத்துட்டு, பிழைன்னு அடிச்சவ நான். நாலு வருசம் இதுலயே கெடந்தேன், உம் கொட்டுதுன்னு எனக்குத் தோணலயே. உங்களுக்குத்தான தோணுச்சு. எல்லாரும் என்னப் பாத்துக் கைதட்டுறாங்க, எனக்கு உங்க கேள்வி மேலயே இருக்கு நெனப்பு. அது எனக்கு வந்திருக்கணும் சார். இன்னிக்கு எனக்கு சோறு எறங்காது."

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. பெண் நிஜமாகவே பொருமினாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

நான் பொன்னுரங்கத்தின் முகத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரில் யாருக்கும் அவனைப் பார்த்து எரிந்ததில்லை. எரிய அவனிடம் என்ன இருந்தது? அவன் மெதுவாகச் சாம்பார் சாதத்தைச் சாப்பிட ஆரம்பித்தான். ரசம் கேட்டு வாங்கினான். பாயசம் இரண்டு முறை வாங்கினான்.

திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்போது என் தொடையில் தட்டினான்.

"அவளுக்கு எரியுதாம்டா மச்சான்."

"கேட்டுக்கிட்டுதான இருந்தேன்."

"நெசமாவே எரியுது. என்னப் பாத்து."

ஆலப்பாக்கத்தில் மறுபடியும் சொன்னான். கடலூர் முதுநகரில் இன்னொரு முறை. ஜன்னல் காற்றில் தலைமுடி பறக்க, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். எதிர்காலப் பயனைக் கேட்ட என்னைப் பார்த்து யாருக்கு எரியப்போகிறது? கடலூர் வந்து இறங்குகிற வரைக்கும் எனக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் சந்தோஷப்படுவான்.